பக்கத்து வீட்டு விசில்

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுத்த கட்டடத்தின் சமையலறை ஜன்னல் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் சந்து. அவர்கள் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். நாங்கள் கருவாடு வறுத்தால் அவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அப்படி ஒருநாள் துவரம்பருப்பு அடியோடு தீய்ந்தது. அடுத்த வாரமே கொண்டைக்கடலையும் கருகியது. என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவர், வீட்டிலும் அதே கண்ணோடுதான் நடமாடுவார். குக்கரின் அடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"விசில் எண்ணுறதுக்குத் தனியா ஒரு ஆள் வெச்சாத்தான் உண்டு போல."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு யோசனையாகப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய், விரலளவு மைக் ஒன்றும் வைஃபை உள்ள சின்ன போர்டு ஒன்றும் வாங்கிவந்தேன். இரண்டையும் இணைத்து ஒரு பழைய ஊறுகாய் டப்பாவுக்குள் அடக்கி ஜன்னல் மேடையில் வைத்தேன். விசில் சத்தம் கேட்டால் ஒன்று கூட்ட வேண்டும், எண்ணிக்கையை என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் அடுப்பே பற்றவைக்காமல் எங்கள் வீட்டில் ஏகப்பட்ட விசில் வந்திருந்தது. உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டுப் பார்த்தேன். ஓசூர் ரோட்டில் பஸ் நிற்கும்போது பிரேக்கிலிருந்து காற்று வெளியேறுகிற 'புஸ்' சத்தத்தைத்தான் அது விசில் என்று எண்ணியிருந்தது. அதைச் சரிசெய்ததும் மிக்ஸியில் ஏமாந்தது. மிக்ஸியைச் சரிசெய்தால் கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் கீச்சொலியில் ஏமாந்தது. எங்கள் குக்கரை மட்டும் விதவிதமாகப் பதிவு செய்து, ஒரு விசில் எவ்வளவு நேரம் நீள்கிறது, எந்தச் சுருதியில் ஏறுகிறது, எப்படி அடங்குகிறது என்று கற்றுக்கொடுத்தேன். வேலைக்கு அப்புறம் கிடைத்த மாலைகளெல்லாம் அதில் போயின. அந்த நேரத்தில் அடுப்படியிலேயே நின்று விசிலை எண்ணியிருந்தால் ஒரு வருஷச் சமையல் ஆகியிருக்கும் என்றார் கணவர்.

ஒருவழியாக அது ஒழுங்காக எண்ணத் தொடங்கியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டேன். வெள்ளைத் திரை, நடுவில் பெரிய எண், அதன் கீழே 'எங்கள் வீட்டுக் குக்கர்'. வேறு எதுவும் இல்லை.

இந்த மாதிரி உபயோகமில்லாத கருவிகளைச் செய்து காட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நான் வெகுநாளாக அதில் வேடிக்கை பார்ப்பவள். தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வானம் என்ன நிறம் என்பதை ஒரே ஒரு புள்ளியாகக் காட்டும் பக்கம் ஒருவருடையது. இன்னொருவர் தபால்பெட்டிக்குள் உணர்கருவி வைத்து, 'இன்றும் ஒன்றுமில்லை' என்று தினமும் அறிவிக்கிறார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டதா இல்லையா என்பதைச் சொல்லும் பக்கம் வைத்திருக்கிறார். அதற்கு ரசிகர்கள் அதிகம். அந்தக் கூட்டத்தில் என் குக்கரையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நான் எதிர்பார்த்ததைவிட வரவேற்பு நன்றாகவே இருந்தது. குக்கரையே பார்த்திராதவர்கள் இது ரயிலா என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் எண்ணிக்கையை வைத்து என்ன சமையல் என்று ஊகிக்க ஆரம்பித்தார்கள். மூன்றில் நின்றால் சாதம், ஆறுக்கு மேல் போனால் கடலை அல்லது ராஜ்மா. ஒருநாள் உருளைக்கிழங்கை ஒருவர் சரியாகச் சொல்ல, மற்றவர்கள் கை தட்டினார்கள். பனி கொட்டும் ஒரு தேசத்தில் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, தன் மேசைக் கம்ப்யூட்டரில் இந்தப் பக்கத்தை எப்போதும் திறந்தே வைத்திருப்பதாக எழுதினார். எண் மாறினால் எங்கோ யாரோ சாப்பிடப் போகிறார்கள் என்று அவருக்கு நிம்மதியாக இருக்குமாம்.

ஆனால் எண்ணிக்கை மறுபடியும் குழம்பியது. நான் அலுவலகத்துக்குப் போயிருக்கும் நாட்களிலும் விசில் ஏறியது. இந்த முறை பஸ் இல்லை, எதிர் ஜன்னல். அங்கே இருந்த அக்காவின் குக்கர் பழையது, விசில் கொஞ்சம் கரகரப்பாக வரும். அந்த வித்தியாசத்தை வைத்துக் கருவிக்கு இரண்டையும் பிரிக்கச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. பக்கத்தில் இரண்டாவது எண்ணாகப் 'பக்கத்து வீடு' என்று போடலாமா என்று அந்த அக்காவிடம் ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். டின் மூடி அடிக்கும் ஒரு பட்டறையில் வெகுகாலமாக வேலை செய்கிறார். கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் கார் ஓட்டுகிறான். நான் கேட்டதற்கு அக்கா ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார்.

"பண்ணிக்கோ கண்ணு. அதுக்கின்னா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நான் இரண்டாவது எண்ணைப் போட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கருக்குத்தான் அதிக ரசிகர்கள் சேர்ந்தார்கள். காரணம், அது எங்கே நிற்கும் என்று யாராலும் ஊகிக்க முடியவில்லை. ஒருநாள் நான்கு, ஒருநாள் பதினொன்று. என்ன சமைக்கிறார்கள் என்று பெரிய விவாதமே நடந்தது. எலும்பு சூப் என்றார் ஒருவர். சாதத்தைக் கஞ்சியாகக் குழைப்பார்கள் என்றார் கோயம்புத்தூர்க்காரர். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவரைக்காய் சீசன் வந்தது. ஊரெல்லாம் அவரைக்காய் வாசனை. அன்று அக்காவின் பட்டறைக்கு வார விடுமுறை. நான் மதியம் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். திரையின் ஓரத்தில் நூலகப் பெண்மணியின் செய்தி வந்து நின்றது. 'உங்கள் பக்கத்து வீட்டு எண் இருபதைத் தாண்டிவிட்டது. அங்கே யாராவது இருக்கிறார்களா?'

ஹெட்போனைக் கழற்றினேன். விசில் கத்திக்கொண்டிருந்தது. சமையலறைக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். எதிரே, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு அடுப்பைப் பார்த்து இருந்தது. முன்னால் ஒரு பாத்திரம் நிறைய ஊறிய அவரைப் பருப்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பிதுக்கித் தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குக்கர் ஊளையிட்டது. தீய்ந்த வாடை எனக்கே அடித்தது.

"அக்கா! அக்கா! குக்கர்!"

அவர் இன்னொரு பருப்பைப் பிதுக்கினார். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்னவென்று கேட்டார். அக்கா திரும்பவில்லை. எங்கள் ஜன்னல் கம்பியில் துணி மாட்டும் கிளிப்புகள் இருந்தன. ஒன்றை எடுத்து எறிந்தேன், சுவரில் பட்டுச் சந்துக்குள் விழுந்தது. அடுத்தது அக்காவின் தோளில் பட்டது.

துள்ளித் திரும்பியவரின் முகத்தில் கோபம் இருந்தது. என் கை அடுப்பைக் காட்டுவதைப் பார்த்ததும் எழுந்து ஓடினார். அடுப்பை அணைத்துவிட்டு, ஆவிக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன் கண்ணு," என்றார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவங்க டிவி எவ்ளோ சத்தமா ஓடுது, கவனிச்சியா?" என்றார். கவனித்திருந்தேன், காரணத்தைத்தான் யோசித்ததில்லை. நான்கு, பதினொன்று என்று விசில் தாறுமாறாகப் போனதற்கும் அதுதான் காரணம் என்று அப்போது உறைத்தது. விசில் கேட்காமல், ஒரு குத்துமதிப்பில் எழுந்துபோய் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாவது எண் போடட்டுமா என்று நான் கேட்ட கேள்விகூட அவர் காதில் விழுந்திருக்காது.

"அவங்க பையன்கிட்ட சொல்லிடு," என்றார் கணவர்.

"முதல்ல அவங்ககிட்ட பேசுறேங்க."

மறுநாள் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசினேன். தனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று முதலில் அடித்துச் சொன்னார். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கும் சொல்லாத கண்ணு. பட்டறையில தெரிஞ்சா, போதும் வீட்ல இரும்மான்னு ஓனர் சொல்லிடுவான்."

"அங்க எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"அங்க ஒண்ணும் பேஜாரே இல்ல. மெஷின் ஓடும்போது அங்க யாருக்குமே கேக்காது. எல்லாரும் கையிலதான் பேசுவோம்." மதியச் சாப்பாடு, சூப்பர்வைசர் வருகிறார், தண்ணீர் வேண்டும் என்பதற்கெல்லாம் சைகை செய்து காட்டினார். சூப்பர்வைசருக்கு மீசையை முறுக்குவது போல ஒரு சைகை. இரண்டு பேரும் சிரித்தோம். "வீட்டுக்கு வந்தாதான் கஷ்டம். பையன் செல்போனப் பாத்துக்கினே பேசுறான். வாய் தெரிய மாட்டேங்குது."

மகனுக்கும் சொல்லக் கூடாது என்றார். அவனுக்குப் பெண் பார்க்கிற நேரமாம். அம்மாவுக்குக் காது செவிடு என்று யாராவது கிளப்பிவிட்டால் என்ன ஆவது என்பது அவர் கவலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது அவர் முடிவு.

பக்கத்து வீட்டு எண்ணை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு அதேபோல இன்னொரு கருவியை அவருக்காக அமைத்தேன். மைக்கும் போர்டும் அவருடைய அடுப்புக்கு மேலே போயின. கூடத்தில் டிவிக்கு மேலே இருந்த புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விசிலுக்கும் அது ஒருமுறை பளிச்சென்று எரியும். சொன்ன எண்ணிக்கை வந்துவிட்டால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

அக்காவுக்குச் சிவப்பு பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. பேடா, வேணாம், வேற கலர் போடு." பச்சை போட்டேன். அது பிடித்தது.

முதல் வாரமே புகார் வந்தது. குக்கருக்கு மேலேயே இருந்ததால் ஆவியில் மைக் கெட்டுப்போய், தாளிக்கும் சத்தத்தையெல்லாம் விசில் என்று எண்ணியது. பச்சை விளக்கை நம்பி அணைத்ததில் அரிசி வேகவே இல்லை. ஒரு தட்டில் அந்தச் சாதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"கடிச்சுப் பாரு. உன் மெஷினுக்குத்தான் காது சரியில்ல."

வேறு மைக் வாங்கி, ஆவி படாத தூரத்தில் அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியது. மகன் ஒருநாள் அந்த விளக்கைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறான். கரண்ட் வந்ததா போனதா என்று பார்க்க என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவனும் சரியென்று போயிருக்கிறான்.

அதோடு அது நின்றிருக்கும். ஆனால் ஒரு மாலை அக்கா பட்டறைச் சீருடையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கையில் கட்டு போட்டிருந்தது. பட்டறை வாசலில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் 'பீப் பீப்' கேட்கவில்லை. யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள், விழுந்ததில் கை சிராய்த்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். கவனமாகப் போம்மா என்றுதான் சொன்னார்களாம். காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்:

"எனக்கு எவ்ளோ கேக்குதுன்னு உன் கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா?"

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். சரியான சோதனைக்குக் காது ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னேன்.

"அது தெரியும். மொதல்ல நீ சும்னே பாரு, சும்மாதான்."

சுருதி ஏற ஏற ஒலி எழுப்பும் ஒரு சின்ன நிரலை அங்கேயே எழுதினேன். என் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தாழ்ந்த ஒலிக்கு உடனே விரல் எழுந்தது. கொஞ்சம் ஏற்றினேன், எழுந்தது. இன்னும் ஏற்றினேன். விரல் தயங்கித் தயங்கி எழுந்தது. அதற்கு மேல் போனபோது அவர் என்னையே பார்த்தபடி, எப்போது ஆரம்பிப்பாய் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போனுக்கு வெளியே நிற்கும் எனக்கே காது கூசியது. கூடத்தில் இருந்த கணவர் எட்டிப் பார்த்தார். அக்காவின் விரல் மடியிலேயே இருந்தது.

"போட்டுட்டியா?" என்றார்.

தலையாட்டினேன்.

திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டினேன். இடது பக்கம் உயரமாக இருந்து, நடுவில் இறங்கி, வலது பக்கம் தரையோடு போன கோடு. இந்தப் பக்கம் லாரி எஞ்சின், ஆண்கள் குரல். அந்தப் பக்கம் விசில், பறவை, 'ஸ', 'ச' மாதிரியான எழுத்துகள். அக்கா கோடு இறங்குகிற இடத்தில் விரலை வைத்தார்.

"விசில்தான் போயிடுச்சு. மத்தது இருக்குது," என்றார். பிறகு, "இத்த அப்படியே பையனுக்கு அனுப்பிவிடு. என் வாயால சொன்னா ஏதோ ஏதோ கேப்பான்," என்றார்.

அனுப்பினேன். அவன் அன்றைக்கே சவாரியை விட்டுவிட்டு வந்தான். எங்கள் வாசலில் நின்று, "எத்தனை நாளா மேடம் இப்படி?" என்றான். எனக்குத் தெரியாது, அம்மாவையே கேளுங்கள் என்றேன். அவன் வீட்டுக்குள் போனதும் ஜன்னல் வழியாகக் குரல்கள் கேட்டன. அவன்தான் கத்தினான். அக்கா, "மொகத்தப் பாத்துப் பேசுடா," என்றார். அதற்குப் பிறகு குரல் தணிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து முறையாகச் சோதித்தார்கள். அங்கே வந்த கோடும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. இரைச்சலில் வெகுகாலம் வேலை செய்ததால் வந்தது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பட்டறையில் அக்காவே போய்ச் சொன்னார். அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். அனுப்பவில்லை. மெஷினிலிருந்து எடுத்து, பின்கட்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஓவர்டைம் கிடையாது. பழைய கூட்டாளிகளும் இல்லை. அது அவருக்கு இன்னமும் மனக்குறைதான். பேக்கிங்கில் இருப்பவர்கள் வாயால் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை என்பார்.

காதில் வைக்கும் மெஷின் வந்தது. பாத்திரம் விழும் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது என்று பாதி நாள் அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார். மகன் திட்டுகிறான். டாக்டரோ பழகப் பழகச் சரியாகும் என்கிறார். பச்சை விளக்கு அப்படியே இருக்கிறது.

பக்கத்து வீட்டு எண் எங்கே போயிற்று என்று இணையத்தில் பலர் கேட்டார்கள். அந்த வீட்டார் இனி தங்கள் விசிலைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். நூலகப் பெண்மணிக்குத் தனியாக நன்றி சொன்னேன். அன்று ஒருவரும் காயப்படவில்லையே என்று கேட்டார். இல்லை, குக்கரில் இருந்த பருப்பு மட்டும் போய்விட்டது என்றேன்.

இதற்கிடையில் அக்காவுக்கு விளக்குகளில் ருசி ஏறிவிட்டது. காலிங் பெல்லுக்கு ஒரு மஞ்சள் விளக்கு கேட்டார், போட்டுக்கொடுத்தேன். போன மாதம் இன்னொன்று கேட்டார்.

"பையன் வண்டி சில்க் போர்டு சிக்னல் தாண்டும்போது ஒண்ணு எரியணும். முடியுமா?"

"அவன் போன் எங்க இருக்குன்னு பாக்கணும்க்கா. அவனைக் கேக்காம பண்ண மாட்டேன்."

"கேட்டுட்டேன். சரின்னுட்டான்."

அவனிடமும் விசாரித்தேன். "அம்மா கேட்டா வேணாம்னா சொல்ல முடியும் மேடம்? போடுங்க," என்றான். அம்மா எதற்குக் கேட்கிறார் என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

எனக்கும் முதலில் புரியவில்லை. விளக்கைப் பொருத்திய அன்று மாலை நான் ஜன்னல் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க் கூடத்தில் அந்தப் புது நீல விளக்கு எரிந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்துவந்து, அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லைப் போட்டார். சிக்னலைத் தாண்டின பிறகும் வீட்டுக்கு வரும் வழியில் நெரிசல் இருந்தால் முதல் தோசை ஆறிப்போகுமே என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

கல்லில் தண்ணீரைத் தெளித்துவிட்டு என் வாயைப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன்.

"மொத தோசை எனக்கு," என்றார்.